தம்பியின் விரல்

அப்பாவுக்குக் கடைசிச் சட்டையைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தபோது, தம்பியின் கை அக்காவின் கையில் பட்டது. கொதித்தது.

"எப்பலேருந்துடா?"

"அழுத சூடுக்கா. வலி மாத்திரை போட்டா சரியாயிடும்."

"அதைத் தொட்டே, கையை உடைப்பேன். இந்தக் காய்ச்சல்ல அது ரத்தத்தைக் கசிய வெச்சிடும்."

ரத்தப் பரிசோதனை ஆய்வகத்தில் ஊரார் விரலையெல்லாம் குத்துகிறவள் அவள். அப்பாவின் விரல் மட்டும் சிக்கவில்லை. "கொசு ஓசியில எடுக்குது, நீ பில்லு போடுறே" என்று காய்ச்சலோடு சிரித்தே நாளைக் கடத்தினார். ஆஸ்பத்திரியில் டெங்கு என்று சொன்னபோது ரத்தக்கசிவு தொடங்கியிருந்தது. ஒரு விரலைக் கோட்டை விட்டாயிற்று. இன்னொன்றை விடுவதாக இல்லை.

கைப்பையிலிருந்து டெங்கு சோதனைப் பட்டையை எடுத்தாள். தம்பியின் கைகள் முதுகுக்குப் பின்னால் ஓடின. மீசை வைத்த ஆள்தான்; ஊசி என்றால் மட்டும் மூன்றாம் வகுப்பு.

"வண்டி வந்தாச்சு. அப்பாவைத் தூக்கணும். அப்புறம் பாத்துக்கலாம்க்கா."

"அவரும் இதையேதான் சொன்னாரு."

மூக்கைச் சிந்திய அத்தை எட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பட்டையைக் கண்டதும் அழுகை நின்றது.

"ஏண்டி, இது பொண்ணுங்க மாசமா இருக்காங்களான்னு பாக்குறதாச்சே? இவனுக்கு எதுக்கு?"

யாரோ குபுக்கென்று சிரித்தார்கள். தம்பிதான். தோள் குலுங்கி, வாயைப் பொத்தக் கை முன்னால் வந்தது. அடுத்த நொடி விரல் அவள் பிடியில், குத்தியாயிற்று.

"கொலைகாரி!"

ரத்தத்தையும் கரைசலையும் சொட்டவிட்டு, பட்டையை ஜன்னலோரம் வைத்தாள். அப்பாவைப் பார்க்க வந்த கூட்டம் இப்போது அதைப் பார்த்து நின்றது. ஒரு கோடு வந்தது.

"அப்பாடா, ஒண்ணுதான்" என்றாள் அத்தை.

"அது பட்டை வேலை செய்யுதுங்கிறதுக்கு, அத்தை. பொறுங்க."

பொறுத்தார்கள். பக்கத்தில் இன்னொன்று, முதலில் மெல்லிசாக, பிறகு சந்தேகத்துக்கு இடமில்லாமல்.

அத்தைதான், "காரை எடுக்கச் சொல்லுங்கடா" என்றாள்.

"அப்பாவை விட்டுட்டு எப்படிக்கா..."

"சித்தப்பா பாத்துப்பாரு. சீக்கிரமே பிடிச்சாச்சு, உனக்கு ஒண்ணும் ஆகாது. ஏறுடா." ஆய்வகத்தில் பேசும் அதே குரல்.

உள்ளே போய், அப்பாவின் சட்டையில் விட்டுப்போயிருந்த மேல் பொத்தானைப் போட்டுவிட்டு வந்து ஏறினாள்.

குறுகிய சந்து. அப்பாவை ஏற்றிப்போக வந்த வண்டி வழியை அடைத்து நின்றது. கார்க்காரர் ஹாரனில் வைத்த கையை எடுத்துக்கொண்டார். அந்த வண்டி மெல்லப் பின்னால் போய், சுவரோரம் ஒதுங்கி, வழிவிட்டது.