ஒரே சீரில் ஓடாத எஞ்சின்

கதிரவேல் இருபத்தாறு வருஷமாகத் திருகோணமலைத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ஒரு தனியார் இறங்குதுறையில், கப்பலில் வரும் சீமெந்து மூட்டைகளைக் கட்டுக்கட்டாகத் தூக்கி லொறியில் வைப்பது வேலை. தண்ணீர் நிறைந்த கோப்பையைக்கூடச் சிந்தாமல் இறக்குவார் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை முதலில் கிளப்பிவிட்டவர் அவரேதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

போன கிழமை ஒரு கட்டு இறங்கும்போது துள்ளியது. கீழே நின்று கொக்கியைக் கழற்றுகிற, கிண்ணியா ஊர் றம்ஸானின் தலைக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. கிரேனில் பிழை என்று கதிரவேல் எழுதிக் கொடுத்தார். மெக்கானிக்குகள் இரண்டு நாள் குடைந்துவிட்டு, கிரேன் நல்லாய்த்தான் இருக்கிறது என்றார்கள். திங்கட்கிழமை விசாரணை. பிழை கிரேனில் இல்லையென்று முடிவானால் கதிரவேல் இனிமேல் அந்த ஆசனத்தில் ஏற முடியாது. ஆனால் றம்ஸான் அவர் பக்கம் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டிருந்தான்.

அதுவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். சும்மா இருக்கிற பிறவியா அவர்? லண்டனில் இருக்கும் மைத்துனர் எப்போதோ அனுப்பிய விளையாட்டு மின்சார ரயிலை அலுமாரிக்கு மேலிருந்து இறக்கி, சாப்பாட்டு மேசையில் தண்டவாளத்தை வட்டமாகப் பூட்டினார். ரயில் ஓடியது. ஆனால் ஒரே சீரில் ஓடவில்லை. மேசையின் அந்தப் பக்கம் போனால் சோர்ந்தது. அதைவிட, வட்டம் முழுக்கவே திடீரென்று பாய்ந்தது, திடீரென்று தளர்ந்தது.

கதிரவேலுக்குப் பிழை பிடிக்கத் தெரியும். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தொடவேண்டும், தொட்ட பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். உப்புக் காற்று படிந்திருக்கும் என்று தண்டவாளத்தை ஸ்பிரிட் துணியால் துடைத்தார். துணி கறுத்தது, ரயில் திருந்தவில்லை. தண்டவாளத்தில் உருளும் சில்லுகளைத் துடைத்தார். எஞ்சினைக் கழற்றி, பல்சில்லுகளில் மெழுகாய் இறுகிக் கிடந்த பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டார். அந்தப் பக்கச் சோர்வுக்கு மட்டும் காரணம் அகப்பட்டது. தண்டவாளத் துண்டுகள் சேரும் இடம் துருவேறி, கரண்ட் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அங்கே இன்னொரு வயர் இழுத்து ஈயம் வைத்தார். சோர்வு போய்விட்டது. துள்ளல் போகவில்லை.

பெட்டியில் இருந்த இரண்டாவது எஞ்சினை வைத்தார். அதுவும் துள்ளியது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகி உள்ள பெட்டியைத் திறந்து பார்த்தார். உள்ளே எல்லாம் சுத்தம்.

"லண்டன்காரன் பழுதானதைத்தான் எங்கட தலையிலை கட்டியிருக்கிறான்," என்றார்.

"என்ரை தம்பியை ஏன் இழுக்கிறியள்?" என்றார் மனைவி இரத்தினேஸ்வரி. "மேசையிலை ரயில் ஓடினால் சோத்தை எங்கை வைக்கிறது? அதைச் சொல்லுங்கோ."

சனிக்கிழமை காலை கதிரவேல் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார். அங்கே நிற்கும்போது உள்ளே ரயில் ஓடும் சத்தம் கேட்டது. ஏற்றமில்லை, இறக்கமில்லை, ஒரே சத்தம். முகத்துச் சவர்க்கார நுரையோடு ஓடி வந்தார். இரத்தினேஸ்வரி மேசை ஓரத்தில் பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தார். ரயில் தன்பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்ன செய்தனீர்?"

"ஒண்டும் செய்யேல்லை. இதைத் திருகிப்போட்டு விட்டிட்டன்."

திருகிவிட்டுக் கையை எடுப்பது கதிரவேலுக்கு வராத காரியம். கிரேனில் கைப்பிடியை விட்டால் எல்லாம் நின்றுவிடும். தூக்கினதிலிருந்து இறக்கும்வரை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ரயிலையும் அவர் இத்தனை நாள் அப்படித்தான் ஓட்டினார்.

இப்போது திருகியில் கையை வைத்தார். திருகவில்லை, வைத்தது மட்டும்தான். ரயில் துள்ளியது. கையை எடுத்தார், சீராக ஓடியது. ஒரு தரம் பார்த்தால் போதாது என்பது அவருடைய சட்டம், ஆகவே மூன்று தரம் செய்தார். மூன்றாம் தரம் ரயிலைப் பார்க்கவில்லை, விரல்களைப் பார்த்தார். பெருவிரல் ஆடிக்கொண்டிருந்தது. அவருக்குப் பயம் பிடித்தது.

இரத்தினேஸ்வரியும் பார்த்துவிட்டார். "ரெண்டு மூண்டு நாளாய் நித்திரை இல்லை, அதுதான்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "திங்கட்கிழமை நீங்கள் ஒண்டும் கதையாதேங்கோ. றம்ஸான் சொல்லுவான்தானே," என்றார்.

கதிரவேல் ரயிலை நிறுத்தினார். நுரையைத் துடைக்காமலே போனை எடுத்தார்.

"றம்ஸான், திங்கட்கிழமை நீ கிரேனிலை பிழை எண்டு சொல்லவேண்டாம்."

"ஏன் அண்ணன்?"

"கிரேனிலை பிழை இல்லை. என்ரை கையிலை."



"எனக்குத் தெரியும் அண்ணன்," என்றான் றம்ஸான். "ஒரு வருசமாக் கொக்கி நடுங்கித்தான் இறங்குது. கீழ நிக்கிற எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுகொண்டு ஏன்ரா கீழை நிண்டனீ?"

"நீங்கதானே மேல இருந்தீங்க."

கதிரவேலுக்கு வெட்கமாக இருந்தது.

"இனி அந்த ஆசனத்திலை இருக்கமாட்டன்," என்றார்.