இருபத்து நான்காவது பிள்ளை

செம்மண்பாளையம் பள்ளிக்கு வந்த ஸ்மார்ட் போர்டு எல்.கே.ஜி.யில் சேர்ந்து படித்துக்கொண்டிருந்தது. விஜயதசமியன்று காலை லாரி வந்து நின்றபோது வாசலில் சேர்க்கைக்கு வரிசை நின்றிருந்தது. லாரிக்காரர் போர்டை இறக்கி அந்த வரிசையிலேயே நிறுத்தினார். முறை வந்ததும் பெயரை எழுதினார்கள். பிறந்த தேதி அட்டைப்பெட்டியிலேயே அச்சாகியிருந்தது. கணக்குப் போட்டால் மூன்றரை வயது, சரியாக இருந்தது. மச்ச அடையாளம் என்ற இடத்தில் 'வலது மூலையில் சிவப்பு விளக்கு, முதுகில் நான்கு திருகாணி' என்று எழுதி, பாதுகாவலர் இடத்தில் லாரிக்காரரிடம் கையெழுத்து வாங்கினார்கள். தாம்பாளத்து அரிசியில் போர்டின் கீழ்மூலையைப் பிடித்து 'அ' எழுதவைத்தார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் ஊரைக் கூட்டி அழுதார்கள். போர்டு அழவில்லை. வந்த அன்றைக்கே நல்ல பெயர் வாங்கிவிட்டது.

ஜனவரியில் கற்பித்தல் பயிற்சிக்காக அந்த வகுப்புக்குக் கோகிலவாணி வந்து சேர்ந்தாள். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவி, இருபத்தொரு வயது. அரக்கு பார்டர் போட்ட கல்லூரிச் சேலை, பதினோரு ஊக்கு குத்தினால்தான் அவளுக்கு நிற்கும். மூன்று வயதிலிருந்தே வீட்டு நாற்காலிகளுக்கு வருகைப் பதிவு எடுத்து வந்தவள். டீச்சர் ஆவதைத் தவிர வேறு ஆசை அவளுக்கு வந்ததே இல்லை.

ஆனால் போன வருஷம் வேறொரு பள்ளியில் அவளுடைய தேர்வுப் பாடம் பாழாய்ப் போயிருந்தது. 'ஊடாடும் தொழில்நுட்பம்', அதாவது தொட்டால் பதில் சொல்கிற கருவி ஒன்றை வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும் என்பது கல்லூரி விதி. அன்றைக்கென்று பார்த்துக் கரண்ட் போனது. தேர்வாளராக வந்திருந்த விரிவுரையாளர் குணசேகரன் இருட்டுத் திரையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, 'தொட்டும் பலனில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது முறையும் தேறாவிட்டால் கல்லூரியில் பெயரை அடித்துவிடுவார்கள். அப்புறம் ஆயுசுக்கும் நாற்காலிகளுக்குத்தான் பாடம் நடத்த வேண்டும்.

வந்த முதல் வாரமே தலைமையாசிரியை ரெஜினாவிடம் போய்க் கேட்டாள்.

"மேடம், அடுத்த மாசம் என்னோட தேர்வுப் பாடத்துக்குப் போர்டைச் சுவத்துல மாட்டிக்கட்டுங்களா? அதுக்குன்னு அடிச்ச கொக்கி ரெண்டும் சும்மாதான இருக்குது."

ரெஜினா சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார். "ஏம்மிணி, படிக்க வந்த பிள்ளையக் கொண்டு போய்க் கொக்கியில மாட்டுவீங்களா?"

"கொஞ்சம் கரண்டு குடுத்தாப் போதுமுங்க, எரியும்."

"பிள்ளைக்குக் கரண்டு குடுக்கறதா? நல்லா இருக்குதே! மாசம் பொறந்தா லாரிக்காரரு வந்து 'எம் பிள்ளை எப்படிப் படிக்குது'ன்னு கேக்கறாரு. அவருக்கு நான் என்னன்னு பதில் சொல்லுவேன்?"

கோகிலவாணிக்கு முகம் சுருங்கிப்போனது. அவர் சொன்னதில் தப்பே இல்லை. வருங்கால டீச்சர் கேட்கிற கேள்வியா அது என்று தன்னையே நொந்துகொண்டாள்.

போர்டு கடைசி பெஞ்சில் நிதின்யாவுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருக்கும். பெயர் கூப்பிட்டால் இருபத்து மூன்று பேரும் 'உள்ளேன் மிஸ்' என்று கத்துவார்கள். போர்டு மட்டும் கறுப்பாகவே இருக்கும். 'அதுக்குக் கூச்சம் மிஸ்' என்பாள் நிதின்யா. தன் முறுக்கில் பாதியை அதன் தலைமேல் வைத்துவிடுவாள். கோகிலவாணி தினமும் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, சாப்பிட்டாயா, யாராவது அடித்தார்களா என்று விசாரித்தாள். அந்தக் கறுப்பில் அவள் முகம்தான் தெரிந்தது. நாலு மாதமாக ஒரு வார்த்தை பேசாத பிள்ளையை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

தேதி நெருங்க நெருங்க, கல்லூரி கொடுத்த மதிப்பெண் படிவத்தைப் பாராயணம் செய்யாத குறையாகப் படித்தாள். கருவிக்கு மூன்று தகுதிகள் சொல்லியிருந்தார்கள். தொட்டால் பதில் தர வேண்டும். எல்லாக் குழந்தைகளுக்கும் தெரிகிற உயரத்தில் இருக்க வேண்டும். பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் செய்திருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. மறுநாள் காலை கோகிலவாணி தன்னையே இருப்புப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளச் சொன்னாள். ரெஜினா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேசை விசிறிக்கும் பூகோள உருண்டைக்கும் நடுவில் இடம் பார்த்து எழுதினார். மின் இணைப்பு என்ற கட்டத்துக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"காலையில என்ன சாப்புடுவீங்க?"

"நாலு இட்லிங்க மேடம்."

அதையும் எழுதினார்.

பாடம் நிறங்களைப் பற்றியது. கோகிலவாணி ஒரு வாரம் வீட்டில் பழகினாள். அவள் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே எட்டி அவள் விரலைத் தொடுவாள். கட்டைவிரலைத் தொட்டால் சிவப்பு, ஆள்காட்டி விரலுக்கு மஞ்சள், நடுவிரலுக்குப் பச்சை, மோதிரவிரலுக்குக் கத்தரிப்பூ. சிவப்பு முதல் நாளே வந்துவிட்டது. பச்சைக்கு மூன்று நாள் ஆனது. 'இன்னும் வெளுப்பா இருக்குது, அழுத்திப் போடு' என்பாள் அம்மா. கத்தரிப்பூதான் படுத்தி எடுத்தது. என்ன முக்கினாலும் கழுத்துக்குக் கீழே இறங்கவில்லை. கழுத்தோடு நின்றால் அரை மதிப்பெண்ணாவது தருவார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள்.

வியாழக்கிழமை குணசேகரன் வந்து, பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார். கோகிலவாணி ஸ்டூலில் ஏறி, இரண்டு தோள்களையும் கொக்கியில் மாட்டிக்கொண்டு, ஸ்டூலை உதைத்துத் தள்ளினாள். வலது கை சரியாகப் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது.

"பாடம் எடுக்கறது யாருங்க?" என்றார் குணசேகரன்.

"நான்தாங்க சார்."

"கருவி?"

"அதுவும் நான்தாங்க சார்."

இரண்டு கட்டத்திலும் அவள் பெயரை எழுதிக்கொண்டு, ஆரம்பிக்கலாம் என்று தலையசைத்தார்.

முதலில் நிதின்யா வந்து கட்டைவிரலைப் பிடித்தாள். கோகிலவாணி நெற்றியிலிருந்து பாதம்வரை சிவந்தாள். 'தக்காளி!' என்று வகுப்பே கத்தியது. அடுத்து வந்தவனுக்கு மஞ்சளானாள், 'எலுமிச்சம்பழம்!' மூன்றாவது பிள்ளை நடுவிரலைப் பிடித்திருந்தபோது மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. குணசேகரன் பேனாவைத் திறந்தார். ஆனால் கோகிலவாணி பச்சையாகத்தான் இருந்தாள், ஒரு துளி குறையவில்லை. நாலு இட்லியும் நின்று வேலை செய்தன. அவர் பேனாவை மூடினார். அவளுக்கு அந்த மூடுகிற சத்தம் நாதஸ்வரமாகக் கேட்டது. ஒரு பையன் அவசரத்தில் இரண்டு விரலைச் சேர்த்துப் பிடித்துவிட, பாடக்குறிப்பில் இல்லாத ஆரஞ்சு வந்தது. அதைக் குணசேகரன் தனியாகக் குறித்துக்கொண்டார்.

இருபத்து மூன்று பேரும் தொட்டு முடித்தார்கள். யாரும் மோதிரவிரலைத் தொடவில்லை. தப்பித்தோம் என்று அவள் மூச்சு விட்டாள்.

"பதிவேட்டுல இருபத்து நாலுன்னு இருக்குதுங்களே," என்றார் குணசேகரன். "ஒருத்தரு பாக்கி. எல்லாரும் தொட்டாத்தான் மார்க்குங்க. மணியடிக்க இன்னும் நாலு நிமிஷம் இருக்குது."

போர்டு கடைசி பெஞ்சில் கறுப்பாக உட்கார்ந்திருந்தது.

இறங்கிப் போய்க் கூட்டிவர வழியில்லை. பிள்ளைதான் கருவியிடம் வர வேண்டும், கருவி பிள்ளையிடம் போகக் கூடாது. தேர்வு போய்விடுமே என்ற பயம் கோகிலவாணிக்கு இருந்தது. இத்தனை பேர் பார்க்க அந்தப் பிள்ளையை அதட்டிவிடுவோமோ என்ற பயம் அதைவிட அதிகமாக இருந்தது.

"வா கண்ணு," என்றாள். "மெதுவா வா. மிஸ் எங்கயும் போக மாட்டேன்."

ஒரு நிமிஷம் போனது. இரண்டாவது நிமிஷமும் போனது. அவள் திரும்பக் கூப்பிடவில்லை. கையை நீட்டியபடி தொங்கிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது நிமிஷத்தில் முறுக்கு கீழே விழுந்தது. போர்டு எழுந்து நின்றது. இடது மூலை, வலது மூலை, இடது மூலை என்று ஊன்றி, பெஞ்சுகளுக்கு நடுவே டக், டக்கென்று நடந்து வந்தது. சுவருக்குப் பக்கத்தில் வந்து நின்று, தன் மேல்மூலையை மெல்லச் சாய்த்து அவள் மோதிரவிரலில் வைத்தது.

கத்தரிப்பூ கழுத்தைத் தாண்டியது. தோளில் இறங்கி, முழங்கையில் இறங்கி, கால் கட்டைவிரல் நகம்வரை ஓடியது. அதே நேரத்தில் போர்டும் எரிந்தது. ஓரத்துக்கு ஓரம் கத்தரிப்பூ. அதன் நடுவில் கோணல்மாணலாக, முதல்முதலாக எழுதுகிற பிள்ளையின் கையெழுத்தில், 'உள்ளேன் மிஸ்' என்று எழுதியிருந்தது.

பிள்ளைகள் குதித்த குதியில் ஓடு அதிர்ந்தது. ரெஜினா வாசலில் நின்று கைதட்டினார். கோகிலவாணி கொக்கியில் தொங்கியபடியே அழுதாள். கண்ணீரும் கத்தரிப்பூ நிறத்தில்தான் வந்தது. அவ்வளவு சந்தோஷத்தை அவள் அதுவரை பட்டதில்லை.

குணசேகரன் ஐம்பதுக்கு ஐம்பது போட்டு, 'டீச்சர்' என்று பக்கத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டார். படிவத்தை ரெஜினாவிடம் கொடுத்தார். ஆனால் கிளம்பவில்லை. போர்டுக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றார். முறை வந்ததும் மோதிரவிரலைத் தொட்டு, நிறம் பரவுவதைக் கடைசிவரை பார்த்தார்.

"இதுக்குப் பேரு என்னங்க மிஸ்?"

"கத்தரிப்பூங்க சார்."

"சின்ன வயசுல கலர் நடத்துன வாரம் எனக்கு அம்மை போட்டிருந்துச்சுங்க. அப்புறம் யாரும் நடத்தவே இல்ல. பேனா வாங்கப் போனாக்கூடக் கடைக்காரரக் கேட்டுத்தான் வாங்கறனுங்க."

எல்.கே.ஜி.க்கு மூன்றரை வயது முடிந்திருக்க வேண்டும் என்றுதான் விதி. எத்தனை வயதுக்குள் என்று எழுதவில்லை. ரெஜினா அவரைத் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோய் மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார். எட்டியது. இருபத்தைந்தாவதாக அவர் பெயரை எழுதினார். நிதின்யா தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

கோகிலவாணி கொக்கியிலிருந்து இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, அடுத்த பாடத்துக்குப் புத்தகத்தைத் திறந்தாள். குணசேகரன் எழுந்து நின்று சுண்டுவிரலைக் காட்டினார்.

"போயிட்டு உடனே வரணும்," என்றாள் கோகிலவாணி.

அவர் தலையாட்டிவிட்டு, துணைக்குப் போர்டையும் கூட்டிக்கொண்டு போனார்.