தாளில் மேல் கீழ் இல்லை

1.

இருபத்தாறு மணி நேரம் சுசித்ரா ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் வைத்திருந்தாள். இந்தக் கதை அந்த வாக்கியத்திலிருந்துதான் வந்தது. முதல் வரியிலேயே அதை எழுதிப் பார்த்தேன். கதை அங்கேயே முடிந்துவிட்டது. அடித்துவிட்டேன்.

வேறு தொடக்கம்: கொடைக்கானலில் அன்று மூடுபனி—

வேண்டாம். கொடைக்கானலைப் பற்றி யார் எழுதினாலும் முதலில் பனிதான் வந்து நிற்கிறது.

2.

சண்முகசுந்தரி தையல்கடை வைத்திருப்பவர். சிக்குக் கோலத்தில் அவரை அடிக்க ஊரில் ஆளில்லை. சுசித்ரா கணிதம் படித்தவள். அதே கடையின் பின்னறையில் கம்பி வளைக்கிறாள். சண்முகசுந்தரி அக்கா தாளில் போட்ட கோலத்தை ஒரே செப்புக் கம்பியில் பின்னி, நடுவைத் தூக்கி, கவிழ்த்த கூடைபோல நிறுத்துவது அவள் வேலை. கூக்காலில் ஒரு விடுதி அப்படி ஒன்று கேட்டிருந்தது. அந்தக் கம்பிக் கோலத்தின் கீழே வைக்கும் பலகையில் இருவர் பெயரும் வரும். அக்காவின் பெயர் பலகை ஏறுவது இதுவே முதல் தடவை. தையல்கடைப் பலகையில்கூட முருகன் சாமி பெயர்தான்.

(தரையில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டிப் போகும், அவ்வளவுதான். கம்பியில் அது நடக்காது. ஒவ்வொரு வெட்டிலும் ஒன்று மேலே போக வேண்டும், மற்றது கீழே. மேல், கீழ், மேல், கீழ் என்று மாறி மாறிப் போனால் கம்பியே கம்பியைப் பிடித்துக்கொள்ளும். ஓர் இடம் தவறினாலும் அந்தப் பக்கம் தொய்யும்.)

தொய்ந்தது. மதியம் பன்னிரண்டேகாலுக்கு.

3.

"என்னடி, ஒரு பக்கம் உக்காந்துருச்சு?" என்றார் அக்கா.

சுசித்ரா வாய் திறந்தாள். வெளியே வந்தது வேறு.

"கோலத்துல ஏதோ தப்பு இருக்கும்போலக்கா."

இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம். கோடு எப்படிச் சுற்றினாலும் எந்தக் கோலத்தையும் மேல் கீழாக மாற்றி மாற்றிப் பின்னிவிடலாம். நிரூபித்த விஷயம்; தொய்ந்தால் தப்பு பின்னலில்தான். கணிதம் படித்தவளுக்கு இது தெரியாதா? தெரியும் என்று எழுதினால் அவள் கெட்டவளாகிறாள். தெரியாது என்று எழுதினால்—

தெரியும்.

4.

மறுநாள் காலை அக்கா தையல் மிஷினைத் தொடவே இல்லை.

"பத்தொம்பது தடவ போட்டுட்டேன்டி. அதே கோலந்தான் வருது. தப்பு எங்கன கெடக்குன்னு தெரியல."

"விடுங்கக்கா."

"எப்படி விட? மூணு மணி பஸ்ஸ விட்டா கூக்காலுக்கு நாளைக்குத்தான். வெரசா ஒரு சோலி பாரு. பலகையில எம் பேர எடுத்துரு. போட்டது தப்பு, இதுல பேரு ஒண்ணுதான் கொறச்சல்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்பை நீக்கி ஒருமுறை எழுதிப் பார்த்தேன். சுசித்ராவுக்குக் கொஞ்சம் சுலபமாகிவிட்டது. திரும்பச் சேர்த்துவிட்டேன்.

5.

முடிவு அ: சுசித்ரா பேசாமல் பெயரை எடுத்துவிடுகிறாள். (இரண்டு வரிக்கு மேல் எனக்குக் கை ஓடவில்லை.)

முடிவு ஆ: அக்காவே கண்டுபிடித்துவிடுகிறார். (அது சுசித்ராவுக்கு நான் காட்டும் சலுகை.)

முடிவு இ: சுசித்ரா கம்பியை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். மேல், கீழ், மேல், மேல், மேல். அங்கேதான். கம்பியின் இரு முனைகளும் சேரும் இடத்திலிருந்து நாலாவது வெட்டு. முழுசாகப் பிரிக்க வேண்டியதில்லை! நாலு வெட்டு உருவினாள், மாற்றிக் கோத்தாள். தொய்ந்த பக்கம் எழுந்து நின்றது. அவளுக்கு மூச்சு வந்தது. எனக்கும்.

"அடி ஆத்தி, நின்னுருச்சே!" அக்கா கைதட்டினார். "எங்கோலத்துல எங்கடி தப்பு? காட்டு பாப்போம்."

மணி இரண்டேகால். இங்கேயே நிறுத்தினால் பஸ் கிடைத்துவிடும், பெயர் கிடைக்காது. அக்கா பிறகு திட்டினாரா, சிரித்தாரா, இரண்டுமா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். அதற்கு முந்தைய வாக்கியம் மட்டும் என் பொறுப்பு. அதைச் சொல்லும்போது சுசித்ராவின் குரல் அவள் நினைத்ததைவிடச் சாதாரணமாக இருந்தது.

"கோலத்துல தப்பே இல்லக்கா. நாந்தான் ஒரு எடத்துல கீழ போக வேண்டிய கம்பிய மேல விட்டுட்டேன்."