துணி காயப்போட்ட கதை

ஸ்கூல் வேன் ஓட்டுகிற மனுஷனுக்கு வளவளவென்று பேசினால் ஆகாது. ஷூ காணோம், டிபன் டப்பாவை மறந்துட்டான் என்று ஒவ்வொரு வாசலிலும் நடக்கிற புலம்பலைக் காது கொடுத்துக் கேட்டால், பள்ளிக்கூடத்தில் கேட்டைச் சாத்திவிடுவார்கள். "விஷயத்துக்கு வாங்க" என்பது அவர் வாயில் ஊறிப்போன பேச்சு. தெருவுக்கே அவர் வேன்காரர். பெண்டாட்டிக்கு மட்டும் "என்னங்க". அந்த "என்னங்க"வுக்கு அப்புறம் அவள் ஒரு சங்கதியை முழுசாகச் சொல்லி முடித்த நாள் குறைவு.

அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோதும் அதே கதைதான். டாக்டர் "என்னம்மா செய்யுது?" என்றார். அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "மாடிக்குத் துணி காயப்போடப் போவேன் டாக்டர், அப்ப..." என்று ஆரம்பித்தாள். வேன்காரர் அவள் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார்.

"துணி கதையெல்லாம் டாக்டருக்கு எதுக்கு? வெறும் கேஸ்தான் டாக்டர். ஏப்பமா வருது, சாப்பாடு செரிக்கல. ஒரு மாத்திரை குடுங்க போதும்."

"உங்க வீட்டுக்காரரே பாதி டாக்டர் போலிருக்கே!" என்று டாக்டர் சிரித்தார். வெளியே கூட்டம் முட்டி மோதிக்கொண்டிருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவளும் சிரித்தாள், பாவி மகள்.

பத்தே நாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார், உயிர் தங்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். அங்கிருந்த டூட்டி டாக்டர், "படி ஏறும்போது வலிக்குது, நின்னா விட்டுடுதுன்னு எப்பவாவது சொன்னாங்களா?" என்று கேட்டார்.

"இல்லையே" என்றார் வேன்காரர்.

சொன்னாள். எத்தனையோ தடவை சொன்னாள். தான் எதையும் கேட்கவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பாழாய்ப்போன காது எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறது! காரியமெல்லாம் முடிந்து மறுபடி வண்டியை எடுத்த அன்றைக்கு, முதல் சிக்னலிலேயே பக்கத்துச் சீட்டிலிருந்து அவள் குரல் கேட்டது. "என்னங்க, வாளியத் தூக்கிட்டு மாடி ஏறுறேன், பாதிப் படியில ரெண்டு தோள்பட்டைக்கும் நடுவுல யாரோ முழங்கால வச்சு அழுத்தற மாதிரி இருக்குங்க..." பின்னால் பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தன. பச்சை விழுந்தது. அவருக்கு பிரேக்கிலிருந்து கால் எழும்பவில்லை.

அன்றிலிருந்து தினமும் இதே கூத்து. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கதை கொஞ்சம் நகரும். பல்லு வலி மாதிரி தாடையை இழுக்கும், வேர்த்துக் கொட்டும், படியிலேயே உட்கார்ந்தால் விட்டுவிடும், எழுந்து ஏறினால் திரும்பவும் பிடிக்கும். வெட்டிவிட வழியில்லை. செத்தவளிடம் போய் விஷயத்துக்கு வா என்று சொல்ல முடியுமா?

அவருக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அன்றைக்கு அவளைப் பேச விட்டிருந்தால் பிழைத்திருப்பாளா? யாராவது ஒரு டாக்டர் இந்தக் கதை முழுவதையும் கேட்டுவிட்டுக் கேஸ் என்று சொல்லிவிட்டால் போதும். அப்புறம் நிம்மதியாக அழலாம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த லேடி டாக்டரிடம் போய், தனக்கு வருகிற வலி மாதிரி எல்லாவற்றையும் ஒப்பித்தார். பாதியிலேயே அந்த அம்மா எழுந்து ஸ்டெதாஸ்கோப்பை வைத்தது. உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னது. அதில் ஒன்றும் இல்லை. "ஆனாலும் விடாதீங்க, நீங்க சொல்றது சரியாப் படல" என்றது. மார்க்கெட் பக்கம் இன்னொருவர். போனில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டே கேட்டவர், கதையில் மாடிப்படி வந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டார். ஊரில் ஒரு மக்கு டாக்டர்கூடவா இல்லை!

மிச்சம் இருந்தது அவளைப் பார்த்த டாக்டர்தான். முழுசாகக் கேட்டும் இவர் கோட்டை விட்டால், அவள் சாவு தன்னால் இல்லை. சாயங்காலம் டோக்கன் வாங்கி உட்கார்ந்தார். ஹாலில் இருமல், குழந்தை அழுகை, தலைக்கு மேலே ஃபேன் சத்தம். முறை வந்து உள்ளே போனதும் டாக்டர், "வாங்க வேன்காரரே! என்ன, ஆளே இளைச்சுட்டீங்க?" என்றார்.

வேன்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து ஆரம்பித்தார். ஒரு வார்த்தை விடவில்லை. அவள் எங்கே மூச்சு வாங்குவாளோ அங்கே அவருக்கும் மூச்சு வாங்கியது. தன் குரலே தனக்கு அந்நியமாகக் கேட்டது. டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே சீட்டில் எழுத ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் வேன்காரருக்கு ஆசை வந்துவிட்டது.

"கேஸ்தானே டாக்டர்?" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். "ஏப்பம்கூட வருது. கேஸ்தான் இல்ல?"

டாக்டரின் பேனா நின்றது.

"இருங்க. உக்காந்தா விட்டுடுதுன்னா சொன்னீங்க? ஏறுனா மறுபடி வருதா?"

"ஆமா."

"இதுல கேஸ் எங்கேருந்து வந்தது? நெஞ்சு சமாச்சாரம் இது! இத்தன நாள் யார்கிட்டயும் சொல்லாம என்னய்யா பண்ணிட்டிருந்தீங்க?"

முடிந்தது. அவள் பிழைத்திருப்பாள். அன்றைக்கு அந்த முழங்காலைத் தட்டாமல் இருந்திருந்தால் இந்நேரம் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். டாக்டர் மளமளவென்று வேறு சீட்டில் எழுதினார். எழுதிக்கொண்டே, நிமிராமல் கேட்டார்.

"வீட்டம்மா கூட வந்திருக்காங்கல்ல? ஆம்பளைங்க நீங்க பாதிய முழுங்கிடுவீங்க. அவங்கள உள்ள கூப்பிடுங்க, அவங்க வாயாலயே கேக்கணும் நான்."

அவள் போய்விட்டாள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கால் எழுந்து நடந்து கதவைத் திறந்திருந்தது. அடுத்த டோக்கனா என்று ஹாலில் அத்தனை முகமும் நிமிர்ந்தது. வேன்காரர் ஒவ்வொரு நாற்காலியாகப் பார்த்தார். எல்லாவற்றிலும் யாராவது உட்கார்ந்திருந்தார்கள்.

"உள்ள வாம்மா" என்றார், யாரும் நிற்காத இடத்தைப் பார்த்து. "டாக்டர் உன்னத்தான் கேக்கறாரு."