முதுகுவலிக்கான பயிற்சிகள்

மருமகன் ரிமோட்டை மறுபடியும் அழுத்தினான். திரை மறுபடியும் அதையே சொன்னது: இந்தப் படம் தற்போது இல்லை. ரிமோட்டைத் தொடையில் ஒரு தட்டு தட்டினான். பேட்டரி மூடியைத் திறந்து மூடினான். வீடு வீடாக இணைய இணைப்பு கொடுக்கிற கம்பெனியில் அவன் மேற்பார்வையாளன். படம் வராததற்கும் பேட்டரிக்கும் சம்பந்தமில்லை என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஆள் சாகக் கிடக்கும் வீட்டில் கையைக் கட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது?

கட்டிலில் கிடந்த மாமனார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“என்ன மாப்ள, வரலையா?”

“வரும் மாமா. போன வாரம்கூட இருந்துச்சு.”

“போன வாரம் நானும்தான் எந்திரிச்சு உக்காந்தேன்.”

மருமகன் ரிமோட்டைக் கீழே வைத்தான். போனை எடுத்து அதிலும் தேடினான். ‘கப்பல் சமையல்காரன்’ என்று எழுத்தெழுத்தாக அடித்தான். கப்பல் வந்தது, சமையல் வந்தது, இரண்டும் சேர்ந்து வரவில்லை. உரிமம் முடிந்திருக்கும், எடுத்துவிட்டிருப்பார்கள். அது எங்கேயாவது நடக்கிறதுதான். இன்றைக்கு இந்த வீட்டில் நடந்திருக்க வேண்டாம்.

காரணம், ஒரு பந்தயம்.

மாமனாருக்கு டிவிடி படத் தட்டுகள் மீது பைத்தியம். கூடத்துச் சுவர் முழுக்கத் தரையிலிருந்து கூரை வரை டப்பா டப்பாவாக அடுக்கியிருந்தார். மருமகனுக்கு அந்தச் சுவர்மேல் கண். அதை ஒழித்துவிட்டு ஒரு பெரிய டிவி மாட்ட வேண்டும் என்பது அவனுடைய நெடுநாள் ஆசை. “எல்லாமே பட்டனை அமுக்கினா வருது மாமா, இது எதுக்கு தூசி?” என்று அவன் ஆரம்பிக்க, “காத்துல வர்றதை நம்பி நான் டப்பாவை விடணுமா?” என்று அவர் முடிப்பார். சாப்பாட்டு நேரத்தில் இது தவறாமல் நடக்கும். குழம்பில் உப்பு இல்லை என்றாலும் இந்தச் சண்டையில் அது ருசித்துவிடும் என்பதால் மகள் தடுத்ததில்லை.

ஆஸ்பத்திரியில், இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பியதும், கட்டிலைப் போடக் கூடத்தில்தான் இடம் இருந்தது. டப்பாச் சுவரை ஒட்டியே போட்டார்கள். படுத்த முதல் நாளே மனுஷன் மருமகனைக் கூப்பிட்டுப் பந்தயம் கட்டினார்.

“நான் கேக்கற படத்தை எல்லாம் உன் பட்டன் குடுத்துச்சுன்னா, நான் போனதும் டப்பாவைத் தூக்கிக் குடுத்துடு. எதாவது ஒண்ணு வரலைன்னா, ஒரு டப்பா இந்த வீட்டைவிட்டு நகரக் கூடாது. சரியா?”

“அப்பா, என்ன பேச்சு இது!” என்றாள் மகள்.

“நீ சும்மா இரும்மா. இது ஆம்பளைங்க விவகாரம்.”

அன்றிலிருந்து தினமும் ஒரு படம் கேட்டார். தன் தாத்தா காலத்துப் படம், ஊர் பேர் தெரியாத படம், எடுத்தவர்களே மறந்திருக்கக்கூடிய படம். பட்டன் சளைக்காமல் கொடுத்தது. மருமகனும் பழைய சாமான் வாங்குகிறவனிடம், இந்த ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லிவிட்டான். அதை மாமனாரிடம் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. தெருவுக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

இப்போது பட்டன் காலை வாரிவிட்டது.

“தோத்துட்டியா?” என்றார் மாமனார். குரல் நூலாக இருந்தாலும் அதில் ஒரு துள்ளல் இருந்தது.

“தோத்துட்டேன் மாமா.”

“சத்தமா சொல்லு. அவளுக்குக் கேக்கணும்.”

அடுக்களையில் பால் ஆற்றிக்கொண்டிருந்த மகளுக்குக் கேட்கும்படி, “தோத்துட்டேன்!” என்று கத்தினான். அவள் டம்ளரோடு ஓடிவந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, ரொம்ப நாளுக்குப் பிறகு சிரித்தாள்.

ஆனால் படம் இருக்கிறதே. மனுஷன் கேட்டது பந்தயத்துக்காக மட்டும் இல்லை என்பது மருமகனுக்குத் தெரியும். காலையில் கண் திறந்ததும் கேட்டவர், இடையில் தூங்கி எழுந்ததும் கேட்டிருந்தார். பட்டன் போனால் என்ன, டப்பா இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறினான். மேல் அடுக்கில் ‘கப்பல் சமையல்காரன்’ என்று கொட்டை எழுத்தில் தெரிந்தது. “இதோ!” என்று இறங்கி, மாமனார் கண்முன்னாலேயே திறந்தான்.

உள்ளே இருந்த தட்டில், ‘தோட்டக்கலை: உரமிடும் முறைகள்’ என்று எழுதியிருந்தது.

“ஐயோ, அப்பா சொல்லலையா?” என்றாள் மனைவி. “எதுவும் அதது டப்பால இருக்காது. எது எங்கேங்கறது அப்பா மண்டைக்குள்ளதான்.”

இத்தனை வருஷத்தில் ஒரு டப்பாவைக்கூடத் திறந்து பார்க்காத மருமகனுக்கு இது புதுச் செய்தி. மாமனார் ரயில் நிலையத்தில் தொலைந்த பொருள் அறையில் வேலை பார்த்தவர். குடையிலிருந்து பல்செட்டு வரை ஜனங்கள் எதையெல்லாம் விட்டுவிட்டுப் போவார்கள் என்று பார்த்துப் பார்த்து, யாரை நம்பியும் ஒரு பொருளைக் கொடுக்கக் கூடாது என்ற முடிவுக்கு வந்திருந்தார். ஆனால் கேட்டால் இல்லை என்று சொல்லவும் நாக்கு வராது. இந்தத் தெருவிலோ இரவல் போன பொருள் வீடு திரும்பியதாக வரலாறு இல்லை. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தார். நல்ல படத்தை எல்லாம் சலிப்பான டப்பாவில் போட்டு, சலிப்பானதை நல்ல டப்பாவில் போட்டார். ஆசையாக வாங்கிக்கொண்டு போனவர்கள் வீட்டில் உரம் பற்றிய உரை ஓடியது. திட்டிக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்கள். திரும்பி வந்ததே, அது போதாதா?

சலிப்பான டப்பாவை விரும்பிக் கேட்ட ஆள் தெருவிலேயே ஒருத்திதான். மாடிவீட்டுத் தையலம்மா. கணவர் எங்கே என்பது யாருக்கும் தெரியாது, தெரியாததால் ஆளுக்கொரு விதமாகத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் இறங்கி வந்து, வாசலிலேயே நின்று, ஒரு டப்பாவைக் கொடுத்து ஒரு டப்பாவை வாங்கிக்கொண்டு போவாள். தொட்டியில் ஒரு செடிகூட இல்லாத வீட்டுக்கு ரோஜா வளர்ப்பு. தையல் மெஷினையும் டிவியையும் தவிர வேறு மெஷினைத் தொடாதவளுக்கு ‘கணினி கற்போம்’. “அறிவுத் தாகம் மாமா, அந்தம்மாவுக்கு!” என்று மருமகன் பலமுறை கிண்டல் செய்திருக்கிறான். மாமனார் அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பதிலடி கொடுத்ததில்லை.

“எங்க வச்சீங்க மாமா? சொல்லுங்க, எடுத்துப் போடறேன்.”

“உன் பட்டனைக் கேளு.”

“அதான் தோத்துட்டேன்னு சொல்லிட்டேன்ல. எந்த டப்பா?”

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். மகள் காதோரம் குனிந்து, “அப்பா, படம் பாக்கணும்னீங்களே, எதுலப்பா இருக்கு?” என்று கேட்டாள். தலையை மட்டும் அசைத்தார். இல்லை என்றா, மாட்டேன் என்றா, தெரியவில்லை.

பிடிவாதம் என்று நினைத்தான் மருமகன். தரையில் உட்கார்ந்து, கீழ் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தான். சும்மா திறப்பானேன் என்று வாய்விட்டுப் படித்தான்.

“மாமா, இங்க பாருங்க, காதல் படத்துக்குள்ள குழாய் ரிப்பேர்.”

போர்வை லேசாகக் குலுங்கியது.

“பேய்ப் படத்துக்குள்ள உங்க பொண்ணு கல்யாண வீடியோ. பொருத்தமாத்தான் வச்சிருக்கீங்க.”

போர்வை நன்றாகவே குலுங்கியது. மனைவி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்துவிட்டுப் பாலைச் சுடவைக்க உள்ளே போனாள்.

“துப்பறியும் படத்துக்குள்ள... அட, காலியா இருக்கு மாமா. இதுதான் சரியான துப்பு.”

இது தன்னுடைய நல்ல நகைச்சுவைகளில் ஒன்று என்று அவனுக்கே தோன்றியது. போர்வையைப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். கையில் இருந்த டப்பாவை மெதுவாக மூடினான். அப்படியும் அது ‘டக்’ என்று சத்தம் போட்டது.

அப்புறம் நடந்ததெல்லாம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனார். வாடகை நாற்காலிகள் வந்தன. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, கண்ணை மட்டும் தாழ்த்தாமல், டப்பாச் சுவரை மேலும் கீழும் பார்த்தார்கள். “இதெல்லாம் என்ன பண்ணப் போறீங்க?” என்று மூன்றாம் வீட்டுக்காரர் கேட்டார். உர உரையை முழுசாகக் கேட்டவர் அவர். மறுநாள் மாமனாரை எடுத்தார்கள். மகள் அழுதாள், ஓய்ந்தாள், பந்து ஜனங்களுக்குக் காபி கலக்கச் சொன்னாள். மருமகன் போனில் பழைய சாமான்காரன் கூப்பிட்டான்.

“வர வேண்டாம்பா. இல்ல, அப்புறமும் வேண்டாம்.”

“யாரு?” என்றாள் மனைவி.

“டப்பாவை எடுக்க வரச் சொல்லியிருந்தேன்.”

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். “சுவத்துல பெரிய டிவி?”

“தோத்துட்டேன்ல.”

கூட்டம் கலைந்த பிறகுதான் தையலம்மா வந்தாள். முதல் நாள் மற்றவர்களோடு மற்றவளாக வந்து, நின்று, போய்விட்டிருந்தாள். அழுதாளா என்று நாலு பேர் உற்றுப் பார்த்தும் ஒன்றும் தேறவில்லை. இப்போது வழக்கம்போல வாசலைத் தாண்டாமல் நின்றாள். மனைவி உள்ளே படுத்திருந்தாள். தையலம்மா முந்தானைக்குள்ளிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். ‘முதுகுவலிக்கான பயிற்சிகள்.’

“இது இங்கத்தது தம்பி. அவர் ஆஸ்பத்திரி போறதுக்கு முன்னாடி வாங்கினது.”

மருமகன் சும்மா வாங்கி வைத்திருக்கலாம். ஆனால் டப்பாவைத் திறந்து திறந்து கை பழகிவிட்டது. திறந்தான்.

கப்பல் சமையல்காரன் கரண்டியோடு சிரித்துக்கொண்டிருந்தான்.

இருவரும் அந்தத் தட்டையே பார்த்தார்கள். ஒரே ஒரு மாடி ஏறுகிற தூரம். ஆளை அனுப்பியிருந்தால், பால் ஆறுவதற்குள் வந்திருக்கும். மனுஷன் சொல்லவில்லை.

“படம் எப்படி இருந்துச்சும்மா?” என்று கேட்டான். 

“பாக்கலையே.”

“இத்தனை நாளாவா?”

“பாத்துட்டா திருப்பிக் குடுத்துடணும்ல.” புடவை ஓரத்தில் ஒட்டியிருந்த நூலை எடுத்து விரலில் சுற்றினாள். “குடுத்தா, எப்படி இருந்துச்சுன்னு கேப்பாரு. படுத்துக் கிடக்கறவர்கிட்ட, எல்லாரும் இருக்கறப்ப, நான் எங்கேர்ந்து சொல்றது?”

உள்ளே மனைவி புரண்ட கட்டில் கிறீச்சிட்டது. மருமகன் டப்பாவை மூடினான். இம்முறை சத்தம் வராமல் மூடத் தெரிந்திருந்தது. அதை அவளிடமே நீட்டினான்.

“பாத்துட்டுக் குடுங்க. அவசரமில்ல.”

“சனிக்கிழமை?”

“சனிக்கிழமை. எப்படி இருந்துச்சுன்னு சொல்லுங்க. நானும் பாத்ததில்ல.”

அவள் டப்பாவை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு படியேறினாள். மருமகன் அவள் காலடிச் சத்தம் மேலே போய், தலைக்கு மேலே நடந்து, நிற்கிற வரை வாசலில் இருந்தான்.

“அந்தம்மா எதுக்கு வந்தாங்க?” மனைவி கண்ணைத் துடைத்தபடி வந்தாள்.

“முதுகுவலியாம்.”

“பாவம். தைக்கிற வேலைல்ல.”

அவள் அப்பாவின் கட்டிலை மடக்கிச் சுவரோரம் சாய்த்தாள். இறைந்து கிடந்த டப்பாக்களைப் பொறுக்கி வரிசையாக அடுக்கில் வைக்க ஆரம்பித்தாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துக் கொடுத்தான். குழாய் ரிப்பேர் காதலுக்குள்ளேயே போயிற்று.

“இங்க ஒண்ணு குறையுதே,” என்றாள். கடைசி அடுக்கில் டப்பாக்கள் சாய்ந்து நின்றன. நெருக்கி அடுக்கக் கையை வைத்தாள்.

“இரு. குடுத்திருக்கேன். வரும்.”

சுற்றிப் பார்த்தான். கைக்கு எட்டியது அதுதான். டப்பாக்கள் சரியாமல் இருக்க, அந்த இடைவெளியில் ரிமோட்டைச் செருகி வைத்தான்.