மேட்டுக்கு மேலே புதன்

கார்வினுக்கு யொலாண்டாவைப் பிடிக்காது என்று சொன்னால் அது பொய். யொலாண்டாவைப் பிடிக்கும். அவள் வாங்கி வந்த தொலைநோக்கியைத்தான் கண்டாலே ஆகாது.

பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பெண். அரிசோனாவில், டூசான் நகரில் அவர்கள் நடத்தும் நட்சத்திரச் சங்கத்தில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஒரு நட்சத்திரத்தின் பெயரை உருப்படியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் கையில் ஒரு ரிமோட் வைத்திருக்கிறாள். அதில் பெயரைத் தட்டினால் தொலைநோக்கி தானாகவே கழுத்தைத் திருப்பி, அந்த இடத்தில் போய் நின்றுவிடும். கார்வினோ நான்கு மாதம் கார் ஷெட்டில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கையால் தேய்த்துத் தேய்த்துத் தன் தொலைநோக்கியைச் செய்தவர். பத்தொன்பது வருடமாக, சங்கத்துக்கு யார் வந்தாலும் முதலில் கண் வைப்பது அவர் குழாயில்தான். இப்போது எல்லோரும் யொலாண்டாவிடம் வரிசை கட்டுகிறார்கள். கார்வினுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

அந்த ஏப்ரல் மாலை கார்வினும் யொலாண்டாவும் சங்கத் தலைவர் ஹாலிஸும் மாநில எல்லையைத் தாண்டி நியூ மெக்ஸிகோவுக்கு வந்திருந்தார்கள். சங்கம் வானம் பார்த்த பழைய இடத்துக்குப் பக்கத்தில் பெரிய கிடங்கு கட்டி, விளக்குப் போட்டு, வானத்தையே வெளுக்க வைத்துவிட்டார்கள். புது இடம் வேண்டும். ஆர்லீன் பெக்வித் என்ற எழுபது வயதுக்காரியின் மாட்டுப் பண்ணையில் நல்ல இருட்டு உண்டு. ஹாலிஸ் போனில் கேட்டபோது அந்த அம்மாள் ஒரே நிபந்தனை வைத்தாள்.

"எனக்குப் புதன் கிரகத்தைக் காட்டுங்க. காட்டினா மாசா மாசம் அமாவாசைக்கு வந்து கூடாரம் போட்டுக்கோங்க. காட்டலைன்னா மாடு மேயட்டும்."

புதன் லேசில் அகப்படாது. சூரியன் இறங்கிய பிறகு மேற்கே கொஞ்ச நேரம் தலைகாட்டும், அவ்வளவுதான். இந்தப் பண்ணையில் மேற்கே ஒரு மேடு வேறு இருக்கிறது. அது சீக்கிரமே மறைத்துவிடும். கார்வின் வண்டியிலிருந்து இறங்கியதுமே மேட்டை ஒரு பார்வை பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டார். எட்டு இருபதுக்குமேல் தாங்காது.

யொலாண்டா தொலைநோக்கியின் மூன்று கால்களையும் நட்டு, மட்டம் பார்த்து, ரிமோட்டை எடுத்தாள். தட்டுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவது அவள் வழக்கம்.

"புது இடம்… அட்ச ரேகை மாத்தியாச்சு. தீர்க்க ரேகை மாத்தியாச்சு. மணி ஏழு ஐம்பது. கோடை நேரமா? இல்லை."

கார்வினின் காது விடைத்தது. அரிசோனாவில் கடிகாரத்தை யாரும் தொடுவதில்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் வசந்தம் வந்தால் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிடுவார்கள், அதுதான் கோடை நேரம். காரில் வரும்போதே யொலாண்டாவின் போன் தானாக அந்த ஒரு மணியைத் தாவிவிட்டது. அவள் அதைப் பார்த்து நேரத்தை அடித்துவிட்டு, ஊரில் எப்போதும் செய்கிற பழக்கத்தில் கோடை நேரம் இல்லை என்று அழுத்திவிட்டாள். அரிசோனாக்காரர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது செய்கிற தப்புதான், கார்வினே செய்திருக்கிறார். இனி அந்த இயந்திரம் ஒரு மணி நேரம் கழித்து வரப்போகிற வானம் இப்போதே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கும்.

சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் ஹாலிஸ் திரும்பினார்.

"கார்வின், உன் குழாயைக் கொஞ்சம் அந்தத் தண்ணித் தொட்டிகிட்ட போட்டுக்கயேன்ப்பா. இங்க வச்சா அந்த அம்மா கால்ல இடிக்கும்."

"இடிக்கட்டுமே."

"விளையாடாத. இன்னைக்கு யொலாண்டாதான் காட்டப் போறா. ஒரு பட்டன், வேலை முடிஞ்சுது. நீ தேடிப் பிடிக்கறதுக்குள்ள கிரகம் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கும்."

கார்வின் எடுத்த வாயை மூடிக்கொண்டார். தன் குழாயைத் தூக்கிக்கொண்டு மாடு தண்ணீர் குடிக்கும் இடத்துக்குப் போனார். பத்தொன்பது வருடத்துக்குக் கிடைத்த மரியாதை சாணி வாசத்தில் ஓர் இடம்.

ஆர்லீன் தொப்பியோடு வந்து நின்றாள். "எங்க உங்க புதன்?"

யொலாண்டா தட்டினாள். மறுபடி தட்டினாள். அவள் முகம் வாடிவிட்டது.

"பட்டியல்லயே இல்லையே. ஏற்கனவே மறைஞ்சிடுச்சுன்னு சொல்லுது."

"மறைஞ்சிடுச்சா?" என்றார் ஹாலிஸ். "சூரியன் இப்பத்தானே இறங்குச்சு?"

"எனக்கும் அதான் புரியல." யொலாண்டா தொட்டியடிக்கு ஓடி வந்தாள். "கார்வின், நீங்க சொல்லுங்க. புதன் இந்நேரம் மறைஞ்சிருக்குமா?"

கார்வினின் கை அப்போது குழாயின் மேல் இருந்தது. மேட்டுக்கு ஒரு விரல் மேலே, சிவப்பு வெளுத்த இடத்தில் அவர் புதனைப் பிடித்து இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. சின்ன அரை நிலா வடிவம், தண்ணீருக்குள் கிடக்கிற காசுபோல நடுங்கிக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகாக அதை அவர் பார்த்ததே இல்லை.

"அவ்வளவு விலை குடுத்து வாங்கினது சொல்லுதில்ல," என்றார். "அதைவிட எனக்கென்ன தெரியும்?"

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். அந்தத் தலையாட்டல் கார்வினுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் மனதுக்குள் ஒரு நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. அவர்கள் கையை விரிப்பார்கள், அந்த அம்மாள் வீட்டுப் பக்கம் திரும்புவாள். அப்போது இவர் சாவகாசமாகக் கூப்பிடுவார். ஹாலிஸின் முகம் எப்படிப் போகும் என்று பார்க்க வேண்டும். இன்னும் கொஞ்சம் தவிக்கட்டும் என்று நினைத்தார். யொலாண்டா இயந்திரத்தை அணைத்து மறுபடி போட்டாள். ஹாலிஸ் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு வெறுங்கண்ணால் மேற்கே துழாவினார், அதுவும் தப்பான பக்கத்தில். கார்வின் குழாயைக் குத்துமதிப்பாகக் கீழே இறக்கிக்கொண்டே அவர்களைப் பார்த்து ரசித்தார். இன்னும் ஒரே ஒரு நிமிடம் என்றே கால் மணி போனது.

ஆர்லீன் பெருமூச்சு விட்டாள். "சரி விடுங்கப்பா. அடுப்புல பீன்ஸ் கிடக்கு."

"மேடம்," என்று கூப்பிட்டார் கார்வின், குரலில் பாகு தடவி. "இப்படி வந்து ஒரு பார்வை பாருங்களேன்."

அவள் வந்து குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"செடி தெரியுது," என்றாள்.

கார்வின் அவசரமாகக் கண் வைத்தார். மேட்டு விளிம்பில் முளைத்த காட்டுச் செடி ஒன்றின் கிளை, அந்தக் குழாயின் வழக்கப்படி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அரை நிலா இல்லை. குழாயை மேலே தூக்கினார், இடம் வலம் ஆட்டினார். எங்கும் இல்லை.

ஹாலிஸ் அருகில் வந்து குழாய் பார்க்கும் திசையைப் பார்த்தார். பிறகு கார்வினைப் பார்த்தார்.

"எவ்வளவு நேரமாப்பா பிடிச்சு வச்சிருந்த?"

பதில் சொன்னது யொலாண்டா. "நான் வந்து கேட்டப்பவே இருந்திருக்கு." அவள் கோபப்பட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"என் வீட்டுக்காரரும் ஒரு நாள் பாத்தாரு," என்றாள் ஆர்லீன். "சாயங்காலம் குதிரையில வந்து இறங்கி, புதனைப் பாத்தேன், இப்ப மறைஞ்சிடுச்சுன்னாரு. நான் இருபதடி தள்ளித்தான் கன்னுக்குட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு குரல் குடுத்தா என்னன்னு சாகற வரைக்கும் கேட்டேன். சொல்லவே இல்ல. நீயாவது சொல்லு. ஏன் கூப்பிடல?"

பொய் சொல்லியிருக்கலாம். நாலைந்து பொய்கள் நாக்கு நுனியில் நின்றன.

"பொறாமை," என்றார் கார்வின். "அவ மிஷின் எல்லார் முன்னாடியும் மூக்குடைபடணும்னு."

ஒரு மாடு தொட்டியில் வாய் வைத்துச் சத்தமாகக் குடித்தது.

"பரவாயில்ல. அந்த மனுஷனைவிட நீ மேல்," என்றாள் ஆர்லீன். "அந்த மிஷின்ல என்ன கோளாறுன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அவகிட்ட சொல்லு."

அவர் யொலாண்டாவின் பக்கத்தில் போய் நின்றார். "மணி சரிதான். கோடை நேரமான்னு கேட்டதுக்கு ஆமாம்னு குடு. இங்க ஆமாம்தான்." பிறகு, இயந்திரம் திசை பிடித்துக்கொள்வதற்காக, கிழக்கே அப்போதுதான் தெரிந்த முதல் நட்சத்திரத்தையும் வடமேற்கில் இன்னொன்றையும் காட்டி, அவற்றின் பெயர்களைச் சொன்னார். அவள் இரண்டையும் நடுவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் புதன் என்று தட்டினாள்.

இயந்திரம் முனகிக்கொண்டே கழுத்தைத் திருப்பியது. மெல்ல இறங்கி, மேட்டின் மேல் போய் நின்றது. ஆர்லீன் அதில் கண் வைத்தாள்.

"அதே செடிக்குக் கொஞ்சம் கீழ, மண்ணு. அதுக்குப் பின்னாலதான் போயிருக்கு," என்றாள். "நாளைக்கு ஏழரைக்கே வந்துடு பொண்ணே. சாப்பாடு இங்கதான்."

"நாங்களும் வரலாமா மேடம்?" என்று கேட்டார் ஹாலிஸ்.

"நீ வா." ஆர்லீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கார்வினைப் பார்த்தாள். "நீதான் பாத்துட்டியே."