ஃபிரிட்ஜுக்கு வந்த காய்ச்சல்

போன வருஷம் மாசி மாசம் பரவைமேட்டு அரசு ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜுக்குக் காய்ச்சல் வந்துச்சு. நூத்திரண்டு டிகிரி. சாயங்காலம் ஆனா குளிர் எடுத்துக் கடகடன்னு ஆடும், உள்ள இருக்கிற பாட்டிலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு பல்லு மாதிரி இடிச்சுக்கும், அப்புறம் கதவு வேர்த்து அடங்கும். திண்டிவனத்துல இருந்து வந்த மெக்கானிக் பிரபு கம்ப்ரஸர், கேஸ், ஒயர் எல்லாம் பாத்துட்டு, மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல, அதுக்கு ஒடம்புதான் முடியலன்னு சொல்லிட்டுப் போனான். ஸ்டாஃப் நர்ஸ் வைஜெயந்தி தடுப்பூசி மருந்தையெல்லாம் ஐஸ் பொட்டிக்கு மாத்திட்டு, ஃபிரிட்ஜ் மேல ஈரத்துணி போட்டு வச்சாங்க. வேற என்ன செய்ய முடியும்?

மரக்காணம் தாண்டி உப்பளம் முடியற எடத்துல இருக்குது பரவைமேடு. விடாத காய்ச்சல்னு யார் வந்தாலும், ரத்தத்துல கிருமி இருக்குதான்னு பாக்க ஊசியில எடுத்து கல்ச்சர் பாட்டில்ல விடுவாங்க. அது ஜில்லா லேபுக்குப் போகணும். அங்க கிருமி வளந்தாத்தான் அது என்ன கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும்னு தெரியும். லேபு வண்டி செவ்வாக்கிழமை மட்டும்தான் வரும். அதுவரைக்கும் ரத்தம் கெட்டுடக் கூடாதேன்னு, பால் பாக்கெட் வைக்கிற மாதிரி ஃபிரிட்ஜுல வச்சாங்க. அப்படி வைக்கச் சொன்னவங்களும் இல்ல, வைக்காதீங்கன்னு சொன்னவங்களும் இல்ல. வருஷக்கணக்கா ரிசல்ட் ஒண்ணேதான் வந்துச்சு: வளர்ச்சி இல்லை.

இதுல ஊருக்குப் பெருமை வேற. உப்புத் தண்ணியில நின்னு வேலை செய்யற ஒடம்பாச்சே, உப்புப் போட்ட கருவாட்டுல புழு வைக்குமா, நம்ம ரத்தத்துல கிருமி அண்டாதுப்பான்னு டீக்கடையில மீசையை முறுக்குனாங்க. பக்கத்து ஊரு பிரம்மதேசத்துல இருந்து பொண்ணு பாக்க வந்தவங்க கிட்டகூட இதைச் சொல்லிப் பெருமையடிச்சாங்க. டாக்டர் தட்சணாமூர்த்தியும் சிரிச்சுக்கிட்டே ஆமாம்பாரு. அப்போ காய்ச்சல்ல செத்தவங்கல்லாம் எதுல செத்தாங்கன்னா, விதியாம். சொல்லவே வெக்கமா இருக்குது.

அந்த மாசியில உப்பு வார்ற எடத்துல தனக்கோடி பொண்டாட்டி சகாயமேரிக்குக் கால் கிழிஞ்சு, காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில படுத்தா. மருந்து ஏறுச்சே தவிர காய்ச்சல் எறங்கல. அவ ரத்தத்தை எடுத்து ஃபிரிட்ஜுல வச்ச அன்னிக்குத்தான் ஃபிரிட்ஜுக்கும் காய்ச்சல் ஆரம்பிச்சுது. அது ஆடுனா அவளும் நடுங்குவா. அது ஆடுற சத்தம் கேட்டதும் தனக்கோடி கம்பளியை எடுத்துக்குவான். எல்லாரும் அதிசயம்னு வேடிக்கை பாத்தாங்களே ஒழிய, ஏன்னு ஒருத்தரும் கேக்கல. அதுக்குள்ள அவளுக்குப் பேச்சு கொழற ஆரம்பிச்சுடுச்சு, புருஷனையே யாருன்னு கேட்டா.

பயந்து போன வைஜெயந்தி ஃபிரிட்ஜைத் தொறந்து சகாயமேரி பாட்டிலத் தொட்டாங்க. கை சுட்டுச்சு. சுடுற பாட்டில லேபுக்கு அனுப்பலாமான்னு கேக்க ஃபோன் போட்டாங்க. லேபுக்குப் புதுசா வந்திருந்த பாலகுரு எடுத்தாரு. பாட்டில் எங்க இருக்குதுன்னு கேட்டாரு. சொன்னாங்க.

"ஃபிரிட்ஜுலயாங்க வச்சிருக்கீங்க? குளிர்ல வச்சா கிருமி எப்படி சிஸ்டர் வளரும்?"

வைஜெயந்தி சகாயமேரி கையை நல்லா தொடச்சு மறுபடி ரத்தம் எடுத்து, வண்டிக்குக் காத்திருக்காம, பாட்டில மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸேறிட்டாங்க. வழி நெடுக யார் மூஞ்சியையும் பாக்கல. லேபுல இந்தத் தடவை கிருமி வளந்துடுச்சு. மருந்தை மாத்துனாங்க. சகாயமேரிக்குக் காய்ச்சல் விட்டு, கஞ்சி கேட்டா. ஃபிரிட்ஜும் ஜில்லுனு ஆயிடுச்சு.

வீட்டுக்குப் போற அன்னிக்கு தனக்கோடி எல்லாரையும் கையெடுத்துக் கும்புட்டான். அதோட போயிருக்கலாம். ஃபிரிட்ஜைப் பாத்துக்கிட்டே, கோவமே இல்லாம, நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி ஒண்ணு கேட்டான்.

"எங்கப்பா சவரிமுத்து போன மழைக்காலத்துல இங்கதானே செத்தாரு. அவருக்கும் வளர்ச்சி இல்லைன்னுதானே சிஸ்டர் வந்துச்சு?"

திட்டியிருந்தாக்கூடத் தேவலை. டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழட்டிச் சுருட்டிக்கிட்டு செவுத்தைப் பாத்தாரு. வைஜெயந்தி ஆமாம்னு தலையாட்டுனாங்க. அப்போ, காலியா இருந்த ஃபிரிட்ஜ் நடுங்க ஆரம்பிச்சுச்சு. நடுநடுவுல இருமுச்சு. நடுக்கத்துல இருமற பழக்கம் சவரிமுத்துக்குத்தான் இருந்துச்சு. தனக்கோடிக்கு அந்த இருமல் தெரியும். பொண்டாட்டி மேல இருந்த கம்பளியை எடுத்து ஃபிரிட்ஜுக்குப் போத்திட்டு, அது அடங்கற வரைக்கும் பக்கத்துலயே ஒக்காந்திருந்தான்.

அதுக்கப்புறம் பங்குனியில, இப்படிச் செத்துப்போன வேற ஒருத்தர் காய்ச்சல் ஃபிரிட்ஜுக்கு வந்துச்சு, ஆடியில இன்னொருத்தருது. முனகுறதை வச்சு யாருன்னு சொல்லி, அந்தந்த வீட்டு ஜனங்க வந்து பக்கத்துல இருந்துட்டுப் போறாங்க. கல்ச்சர் பாட்டில் இப்போ மேஜை மேலதான் இருக்குது, அன்னன்னைக்கே போயிடுது. கருவாட்டுப் பேச்சை ஊருல யாரும் எடுக்கறதில்ல. பிரபு ஒருநாள் வந்து ப்ளக்கைப் புடுங்கிப் பாத்தான், அப்பவும் சுட்டுச்சு. பழைய இரும்புக்குப் போட்டுடலாமான்னு கேட்டான்.

"இருக்கட்டும் பிரபு"ன்னாங்க வைஜெயந்தி. "இங்க அதுக்காவது சூடு சொரணை இருக்குதே."

பிரபு காய்ஞ்சு போயிருந்த துணியைக் கொழாயில நனைச்சுப் புழிஞ்சு, ஃபிரிட்ஜ் மேல விரிச்சுப் போட்டுட்டு பஸ்ஸுக்குப் போனான்.